லெ ஹாவ்ரா, சியூனியா? விற்கிற நாளில் அப்பன் பெயர்

2012 வசந்தத்தில் எங்கள் பெட்டைக்குதிரைக்குப் பொலிகுதிரை தேட வேண்டியிருந்தது. எங்கள் என்றால் நார்மண்டியில் வேலை பார்த்த நண்பர்கள் நாலு பேர், ஆளுக்குக் கால் பங்கு. தரோப்ரெட் இனப் பந்தயக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. பெட்டையை வண்டியில் ஏற்றிப் பண்ணைக்கே கொண்டுபோக வேண்டும். பக்கத்தில், எங்கள் பைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தவை இரண்டுதான்: லெ ஹாவ்ர், சியூனி. முன்னது பண்ணைக்கு வந்தபோது கட்டணம் 5,000 யூரோ, பின்னதற்கு 7,000. இரண்டின் குட்டிகளும் அப்போது ஒரு பந்தயம்கூட ஓடியிருக்கவில்லை.

ஓட்டத்தைப் பார்த்தால் லெ ஹாவ்ர்தான். 2009இல் ஷாந்தியில் நடந்த பிரெஞ்சு டெர்பியை, அதாவது 2,100 மீட்டர் பிரி து ஜாக்கி கிளப்பை வென்ற குதிரை. பயிற்சியாளர் ழான்-கிளோத் ரூஜே, ஜாக்கி கிறிஸ்டோஃப் லெமேர். (பெயர் நார்மண்டித் துறைமுகம், பிறந்தது அயர்லாந்து. போகட்டும்.) சியூனி ஆகா கான் பண்ணையில் பிறந்தது, அப்பன் பிவட்டல், தாய்வழித் தாத்தா டேன்ஹில். அதே 2009 அக்டோபரில், இரண்டு வயதில், லாங்ஷாம்பில் 1,400 மீட்டர் முதல் தரப் பந்தயமான பிரி ழான்-லுக் லகார்டேரை வென்றது. மூன்று வயதில் முதல் தரப் பந்தயம் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை.

நண்பர்களில் இரண்டு பேர் டெர்பி பக்கம். நான் சியூனி பக்கம். காரணம் பெரிய ஞானமில்லை: 1,400 மீட்டர் வேகமும் பிவட்டல், டேன்ஹில் என்ற இரண்டு பெயர்களும் எந்த நாட்டு வியாபாரிக்கும் விளக்கம் சொல்லாமலே புரியும். நாலாவது ஆள் என் பக்கம் சாய்ந்தார். இரண்டுக்கு இரண்டு. கடைசியில் நாணயம் சுண்டிப் போட்டோம், சியூனி ஜெயித்தது.

பதினொரு மாதம் கழித்து, 2013இல், சிவப்புக் கலந்த பழுப்பில் ஒரு பெண்குட்டி. முன்னங்கால் ஒன்று கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும். லாடம் அடிக்க வருபவர் ஒவ்வொரு முறையும் அந்தக் குளம்பை மடியில் வைத்து உச்சுக்கொட்டுவார்.

2014 கோடையில் எனக்குக் கெட்ட காலம். லெ ஹாவ்ரின் மகள் அவனீர் செர்தேன், பெண்குதிரைகளுக்கான பெரிய பந்தயங்களான புல் தெசே தெ புலீஷ், பிரி தெ தியான் இரண்டையும் வென்றாள். 2016இல் லா க்ரெசோனியேர் என்ற இன்னொரு மகள் அதே இரண்டையும் அப்படியே வென்றாள். இருவரையும் பழக்கியதும் ரூஜேதான். "டெர்பி டெர்பிதானப்பா" என்று நண்பர்கள் கேலி செய்தபோது பதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் குட்டி சிற்றூர்ப் பந்தயம் ஒன்றை மட்டும் ஜெயித்திருந்தாள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டம் பாதிதான். பெண்குதிரையின் உண்மையான விலை, ஓடி முடித்துத் தாயாக விற்கும்போதுதான் தெரியும். அவள் புல்வெளியில் சும்மா மேய்ந்துகொண்டிருப்பாள், தினம் தீவனச் செலவு வேறு. அவள் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அவள் முகம் பார்க்காத அண்ணன் தங்கைகள். 2015இல் சியூனியின் மகள் எர்வெத்யா புலீஷையும் இங்கிலாந்தின் ஆஸ்காட்டில் கொரனேஷன் பந்தயத்தையும் வென்றாள். 2018இல் இன்னொரு மகள் லாரன்ஸ் பிரி தெ தியானை வென்றாள். அந்த டிசம்பரில் தொவில் இனப்பெருக்க ஏலத்தில் எங்கள் குட்டி வளையத்துக்குள் நடந்தபோது, ஓட்டக் குறிப்பையும் திரும்பிய காலையும் தாண்டி, பட்டியலில் தடித்த எழுத்தில் இருந்த அப்பன் பெயரில்தான் எல்லோர் கண்ணும் நின்றது. ஆறு வருடத் தீவனமும் லாடமும் போக ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சியது. லெ ஹாவ்ர் மகளாக இருந்திருந்தால் எவ்வளவு போயிருக்கும்? நல்ல விலைக்கே போயிருக்கலாம். அதன் பேர்சொல்லும் பிள்ளைகளில் பெண்களே அதிகம், தாயாக்க வாங்குபவர்களுக்கு அது பிடிக்கும். என் அனுபவம் ஒரே ஒரு குட்டியோடு சரி, அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் பிறகு பெரிதானது. சியூனிக்கு மகன்களும் வாய்த்தார்கள். சோட்சாஸ் 2019இல் அதே ஜாக்கி கிளப்பையும் 2020இல் ஆர்க் த்ரியோம்ஃப் பந்தயத்தையும் வென்றது, அதுவும் ரூஜே கையில். பிறகு செயின்ட் மார்க்ஸ் பசிலிக்கா, பாடிங்டன். மூன்றும் ஓடி முடித்து அயர்லாந்தில் பொலிகுதிரைகளாயின. பேரப்பிள்ளைகளும் பந்தயத்தில் ஓடினால், எப்போதோ விற்ற பெட்டைக்கும் மதிப்பு கூடும். லாபம் எங்களுக்கில்லை, வாங்கியவருக்கு. லெ ஹாவ்ர் 2022இல், பதினாறு வயதில், இறந்துவிட்டது.

நாலு பேரும் மறுபடி ஒரு பெட்டை வாங்கலாமா என்று போன வருடம் பேசினோம். டெர்பி பக்கம் நின்ற இருவருமே இந்த முறை சியூனி என்றார்கள். கட்டணத்தைப் பார்த்தேன்: 2024இல் 2,00,000 யூரோ. சரி, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.