ரிச்சி தெருப் பெட்டியும் டெபியனும்: எட்டு வருஷக் கணக்கு

2017 ஆகஸ்டில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கினேன். கோர் 2 டுயோ, 2 ஜிபி ரேம், மானிட்டர் கிடையாது. சிஸ்டம் அட்மின் வேலை (சர்வர்களைப் பராமரிப்பது) கற்றுக்கொள்ள ஆசை, பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இல்லை. டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் 9ஆம் பதிப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் போட்டு அலமாரி மேல் தூக்கி வைத்தேன். பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. 10, 11, 12 என்று ஒவ்வொரு படியாக ஏறி இப்போது 13இல் நிற்கிறது. நடுவில் ஒரு தடவைகூட ஃபார்மேட் செய்யவில்லை.

ஏன் டெபியன் என்றால் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. தங்கைக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது, அடியில் ஓடுவது டெபியன். மென்பொருள் நிறுவும் ஆப்ட் என்ற கட்டளை அதில்தான் முதலில் கைக்குப் பழகியது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் எல்லாரும் வர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினியில்) பழகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் உதவியது. உடைந்தால் முன்பு சேமித்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம், அதனால் ஏன் உடைந்தது என்று கடைசிவரை பார்க்கவே மாட்டேன். அலமாரிப் பெட்டியில் அப்பாவின் கணக்கு வழக்கும் குடும்பப் புகைப்படங்களும் இருந்தன. அங்கே ஏதாவது நின்றால் இரவுச் சாப்பாட்டுக்குள் சரிசெய்தாக வேண்டும்.

அப்படி ஒரு இரவு 2018இல் வந்தது. கரண்ட் போய் வந்தது, பெட்டியும் விளக்கெரிய ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் போகவில்லை. ரவுட்டரின் பட்டியலில்கூட ஆள் இல்லை. விஜிஏ கேபிள் தேடி, ஹால் டிவியில் சீரியலை நிறுத்தி (அம்மாவின் முகத்தை இங்கே வர்ணிக்க விரும்பவில்லை) பெட்டியைச் செருகினேன். ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி, பக்கத்தில் ஒன்றரை நிமிடக் கெடு. கெடு முடிந்ததும் எமர்ஜென்சி மோட். அதற்குள்ளும் விடவில்லை, முழு உரிமை உள்ள ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டது.

இரண்டுமே என் வேலைதான். யுஎஸ்பி டிஸ்க் ஒன்றை எஃப்எஸ்டேப் கோப்பில் (பெட்டி எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) எழுதி வைத்திருந்தேன். தங்கை அதைப் பிடுங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் பெட்டி பாட்டுக்கு எழுந்து வந்திருக்கும். நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டதும் நானே. அப்படி விட்டால் டெபியன் ரூட்டைப் பூட்டிவிட்டு, முதல் பயனருக்கு சூடோ உரிமை (ரூட்டாகக் கட்டளை இடும் உரிமை) கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான், எமர்ஜென்சி மோட் வரும்வரை.

பெட்டி எழும்போது வரும் கிரப் மெனுவில் கர்னலைக் கிளப்பும் வரியைத் திருத்தி, முதலில் ஓடும் இனிட் நிரலுக்குப் பதில் நேராக பேஷ் என்ற கட்டளை ஷெல்லைக் கிளப்பி, ரூட் பார்ட்டிஷனில் எழுத முடியும்படி அதை ரீமவுண்ட் செய்து (மறுபடி இணைத்து), அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். மணி பதினொன்றேகால். பாஸ்வேர்டே கேட்காமல் முழு உரிமையோடு உள்ளே விட்டது என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. அன்றைக்கே ரூட்டுக்கும் கிரப்புக்கும் ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டேன். பூட் என்றால் என்ன, எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ராத்திரியில் புரிந்த அளவுக்கு எந்த வீடியோவிலும் புரியவில்லை.

டெபியனில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். நடுவில் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழை நீக்கங்களும்தான், பெரிதாக எதுவும் நகராது. படிக்கிறவனுக்கு இது வரம், போரடிக்கும் வரம். பதிப்பு மாறும் அந்த வாரக் கடைசியில்தான் பாடம் எல்லாம். 10க்கு ஏறியதும் எஸ்யு கட்டளை போட்டு ரூட்டாக மாறி, புதுப் பயனரைச் சேர்க்கும் ஆட்யூசர் அடித்தேன், அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. எஸ்யு இனி ரூட்டின் பாதையை (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலை) தானாக எடுத்துக்கொள்ளாது, பின்னால் ஒரு சிறுகோடு போட வேண்டும் என்பது மாற்றம். 11க்குப் போகும்போது மென்பொருள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் பதிப்பின் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரை நிரப்பினேன். பாதுகாப்பு வரி மட்டும் 404 என்றது, அந்தக் கிளையின் பெயர் அமைப்பையே மாற்றியிருந்தார்கள். இரண்டும் வெளியீட்டுக் குறிப்புகளில் தெளிவாக எழுதியிருந்தன. நான்தான் படிக்கவில்லை.

நிஜமாகக் குழப்பியது 12தான். 2023இல் வீட்டில் மேம்படுத்தியபோது தப்பான பாஸ்வேர்டு அடித்துக்கொண்டே இருப்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஒழுங்காக ஓடியது. அலுவலகத்தில் அதே 12ஐப் புதிதாக நிறுவினேன், ஃபெயில்2பேன் எழவே இல்லை. அதே கான்ஃபிக், அதே பதிப்பு. அரை நாள் கழித்துதான் கண்டுபிடித்தேன்: 12 முதல் புதிய நிறுவலில் பதிவுகளைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் கூடவே வராது, லாகின் பதிவுகள் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் ஜர்னலுக்குள் மட்டுமே இருக்கும். ஃபெயில்2பேன் தேடிய ஆத்.லாக் கோப்பே அங்கே இல்லை. வீட்டுப் பெட்டியில் பழைய ஆர்சிஸ்லாக் ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. ஃபெயில்2பேன் பதிவுகளைப் படிக்கும் பேக்கெண்டை சிஸ்டம்டி என்று மாற்றியதும் எழுந்தது.

13க்கு ஏறும் முன் குறிப்புகளை முழுசாகப் படித்தேன். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டர் இனி ரேமுக்குள் போகிறது, அதிகபட்சம் பாதி ரேம் என்று இருந்தது. என் பேக்கப் ஸ்கிரிப்ட் 3 ஜிபி டார் கோப்பை அங்கேதான் கட்டிக்கொண்டிருந்தது. 2 ஜிபி பெட்டியில் அது நடக்கிற காரியமா? முன்தினமே இடத்தை மாற்றிவிட்டேன்.

குறைகளும் உண்டு. 12க்கு முன்னால், வைஃபை கார்டுக்கான ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) அதிகாரபூர்வ நிறுவியில் இருக்காது. நான் கேபிள் போட்டு ஒப்பேற்றினேன். எழுத்து மட்டும் வரும் வெறும் கன்சோலில் தமிழ் இன்றுவரை கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. 'குலதெய்வம் கோயில் 2016' என்ற ஃபோல்டரை டிவி திரையில் கண்டுபிடிக்க, கடைசியில் இருக்கும் 2016ஐ மட்டும் நம்ப வேண்டியிருந்தது.

வேலைக்கு உதவுமா என்றால், எனக்கு உதவியது. நேர்காணலில், டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது, கோப்புகளைக் கூட்டினால் பாதிகூட வரவில்லை, ஏன் என்று கேட்டார்கள். அழித்த லாக் கோப்பை ஏதோ ஒரு சர்வீஸ் இன்னும் திறந்து வைத்திருக்கும், அதனால் இடம் விடுபடாது என்றேன். வீட்டில் பட்டதுதான். ஆனால் ரெட்ஹாட் என்ற இன்னொரு லினக்ஸ் வகைச் சர்வர்கள் உள்ள இடத்துக்குப் போனால் எஸ்இலினக்ஸ் என்று ஒரு பாதுகாப்புக் கட்டுப்பாடு காத்திருக்கும். டெபியனில் 10 முதல் தானாக இயங்குவது அதே வேலைக்கான ஆப்ஆர்மர், அதன் பழக்கம் அங்கே செல்லாது. எஸ்இலினக்ஸைத் தனியாகத்தான் படித்தேன், இன்னும் தடுமாற்றம்தான்.

இப்போதைய கவலை வேறு. பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்வது), கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் போன மாதம் 8 என்றிருந்தன, நேற்று 24. பேக்கப் இருக்கிறது, மீட்டும் பார்த்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்க வேண்டும்.