செல்லூர் கறி தோசையும் சிங்கப்பூர் தட்டும்

கறி தோசை என்றதும் மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் சிம்மக்கல் கோனார் மெஸ்ஸுக்குத்தான் வழி கேட்பார்கள். நியாயம்தான். நான் சொல்ல வந்தது வேறு கடை. செல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ஒரு டியூப்லைட், வாசலில் பெரிய கல், உள்ளே ஆறு பெஞ்சு. சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்த மறுநாள் சாயங்காலமே நானும் வீட்டுக்காரரும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டோம்.

மாஸ்டர் மாவை ஊத்தப்பம் மாதிரி தடிமனாக ஊற்றுகிறார். பாதி வெந்ததும் அடித்த முட்டையைப் பரப்பி, அதன் மேல் மிளகு தூக்கலாக வதக்கிய கொத்துக்கறி. கரண்டியால் அமுக்கி, ஓரமெல்லாம் எண்ணெய் விட்டு, ஒரே திருப்பு. பல கடைகளில் இந்த இடத்தில்தான் சொதப்பும். கறி உதிர்ந்து கல்லிலேயே கருகும், இல்லையென்றால் நடு மாவு வேகாமல் நிற்கும். இவரிடம் இரண்டும் நடக்காது. கல்லில் பட்ட கறி மட்டும் லேசாக முறுகியிருக்க, பிய்த்தால் மூன்று அடுக்கும் தெரியும். விலை 150 ரூபாய். ஒருவருக்கு ஒன்று தாராளம். எங்கள் வீட்டுக்காரர் அதற்கு மேலும் இரண்டு பரோட்டா சாப்பிடுவார், அது அவர் பாடு.

அப்புறம் சால்னா. பையன் வாளியோடு வந்து, "யக்கா, இன்னும் ஊத்தவா?" என்று கேட்கும்போதே ஊற்றிவிடுகிறான். சிங்கப்பூரில் நம்ம ஆட்கள் கடைகள் நிறைந்த தேக்கா பகுதியில் பரோட்டாவைப் பிராட்டா என்கிறார்கள். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் சாப்பிட்ட கடையில் குழம்பைச் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தார்கள், தொட்டுக்கொள்ள. தொட்டுக்கொண்டால் எப்படி? பரோட்டா ஊற வேண்டாமா?

அங்கே உணவங்காடிகளில், அதாவது பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற இடங்களில், சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021லிருந்து அது கட்டாயம். வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். "காசும் குடுத்து தட்டையும் நாமளே தூக்கணுமா?" என்றார். நாற்பது வருஷமாகப் பரோட்டாக் கடையில் இலையை மடித்து எடுத்துப்போய்த் தொட்டியில் போட்ட மனுஷன் பேசுகிற பேச்சா இது? இன்னொரு நாள், காலி மேசையில் கிடந்த டிஷ்யூ பாக்கெட்டை இலவசம் என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது யாரோ இடம் பிடித்து வைத்த அடையாளம். மகள்தான் மன்னிப்புக் கேட்டு எங்களைக் கிளப்பினாள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய கண்டக்டர் அவர். அவருக்கே தெரியவில்லை.

ஏசி ரெஸ்டாரண்டுக்கு ஒரே தடவைதான் போனோம். மெனு விலைக்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 9 சதவீதம் வரி. பில்லை அவர் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார்.

ஆனால் அந்த உணவங்காடியில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. கை கழுவ வரிசையாகக் குழாய், பக்கத்திலேயே சோப்பு. நம்ம செல்லூர்க் கடையில் ஒரு டிரம், ஒரு மக்கு, அவ்வளவுதான். அதையும் கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதால், ஒருவர் கை கழுவினால் பக்கத்து இலையில் தெறிக்கிறது. ஓனரிடம் நேரிலேயே சொன்னேன். "அடுத்த மாசம் குழாய் போட்டுர்றேன்க்கா" என்றார். இதே பதிலைப் போன பொங்கலுக்கும் கேட்டேன்.

ஒன்பது மணிக்கு மேல் தண்ணி போட்டவர்கள் கூட்டம் சேர்ந்துவிடும். பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. பார்சல் வாங்கினால் தோசை இலைக்குள்ளேயே வியர்த்துத் துவண்டுபோகிறது, அதனால் அதுவும் சரிப்படாது. ஏழரைக்குப் போனால் கறி சுடச்சுட இருக்கும், டிரம்முக்கு எட்டாத சுவரோரப் பெஞ்சும் கிடைக்கும். சோப்பு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுங்கள்.