துக்க விடுப்பா, ஆண்டு விடுப்பா, சம்பளமில்லா விடுப்பா: விமானப் பணியில் இருப்பவர் எதைக் கேட்பது?

வீட்டில் ஒரு சாவு என்றால் விமானப் பணியாளர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. துக்க விடுப்பு, கையிருப்பில் உள்ள ஆண்டு விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு, கடைசியாக சிக் லீவ். அப்பா இறந்தபோது நான் துக்க விடுப்பு எடுத்தேன், அது முடிந்த கையோடு கொஞ்சம் சம்பளமில்லா விடுப்பும் கேட்டு வாங்கினேன். ஆண்டு விடுப்பைத் தொடவில்லை. இன்று யார் கேட்டாலும் இதே வரிசையைத்தான் சொல்வேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துக்க விடுப்பு பெரும்பாலும் சம்பளத்தோடு வரும், ஆனால் நாட்கள் குறைவு. ஆண்டு விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பல மாதம் முன்பே கேட்டு வாங்குவது அது, நாளைக்கே வேண்டும் என்றால் மேலாளர் மனசு வைக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பில் நாட்கள் தாராளமாகக் கிடைக்கலாம், கையைக் கடிக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை, நாட்களை எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான். அலுவலகத்தில் இருப்பவருக்கு மூன்று நாள் விடுப்பு என்றால் மூன்று வேலை நாள். நமக்கு வேலை ட்ரிப் ட்ரிப்பாக வருகிறது, ட்ரிப் என்றால் ஊரைவிட்டுக் கிளம்பித் திரும்பி வரும் வரை தொடரும் பல நாள் பறப்பு. திங்களும் செவ்வாயும் ஓய்வு, புதன் முதல் சனி வரை ஒரே ட்ரிப் என்று ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, இருப்பதாக வையுங்கள். ஞாயிறு இரவு செய்தி வருகிறது. காலண்டர் கணக்கில் எண்ணினால் திங்கள், செவ்வாய், புதன் என்று விடுப்பு முடிந்துவிடும், அதில் இரண்டு நாள் ஏற்கெனவே உங்கள் ஓய்வு நாள், ஆக உண்மையில் கிடைத்தது ஒரே ஒரு நாள். புதன்கிழமை கிளம்பிய ட்ரிப்பில் வியாழக்கிழமை போய் ஒட்டிக்கொள்ள முடியாது என்பதால் அந்த ட்ரிப்பை எடுத்துவிடுவார்கள், சரி, ஆனால் வியாழன், வெள்ளி, சனி என்ன ஆகும்? வெறுமனே விட்டுவைக்கும் இடங்களும் உண்டு, அந்த மூன்று நாளும் ஸ்டாண்ட்பை, அதாவது கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக இருக்கும் டூட்டி, போடும் இடங்களும் உண்டு. வீடு நிறைய உறவினர் இருக்கும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் விடுப்பா? ஆகவே எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்னால், எந்த ட்ரிப்பை எடுக்கிறீர்கள், மிச்ச நாட்களில் என்ன போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, எண்ணிக்கை எங்கே ஆரம்பிக்கிறது என்பது. செய்தி வரும்போது நாம் ட்ரிப்பின் நடுவே வெளியூரில் தங்கும் லேஓவர் ஓட்டலில் இருக்கலாம். இறந்த தேதியிலிருந்து எண்ணினால் வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி தீர்ந்துவிடும். ஊழியர்களுக்கான சலுகை டிக்கெட்டான ஸ்டாஃப் டிக்கெட்டில் காலி இடத்துக்குக் காத்திருந்தால் இன்னும் மோசம், உறுதியான இருக்கை கேட்டு வாங்க வேண்டிய நேரம் அது. எனக்கு வாய்த்த க்ரூ மேலாளர் போனில், “திரும்பி வர்ற தேதியெல்லாம் இப்ப சொல்ல வேண்டாம்மா, முதல்ல வீட்டுக்குப் போய்ச் சேருங்க” என்றார். நான் வீடு வந்து சேர்ந்த மறுநாளிலிருந்துதான் கணக்கு வைத்தார்கள். அந்த ஒரு முடிவு எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிய உதவி.

சட்டங்களைப் பார்த்தாலும் நாள் எண்ணிக்கை மட்டும் போதாது என்பது புரியும். கனடாவில் விமான நிறுவனங்கள் மத்திய தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன, நெருங்கிய உறவினர் இறந்தால் 10 நாள் வரை விடுப்பு, 3 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு முதல் 3 நாள் சம்பளத்தோடு. இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம், இறுதிச்சடங்கு முடிந்து 6 வாரம் வரை எடுக்கலாம். ஊர் ஊராகப் பறக்கும் நமக்கு இந்தப் பிரிக்கும் வசதிதான் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு முறைக்கும் 2 நாள்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தான நோய் வந்தாலே எடுக்கலாம், சாவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியர்களுக்குத் துக்க விடுப்பு என்று மத்தியச் சட்டமே இல்லை. கடும் நோயில் இருக்கும் குடும்பத்தினரைக் கவனித்துக்கொள்ள, தகுதியுள்ள விமானப் பணியாளருக்கு 12 மாதத்தில் 72 நாள் வரை சம்பளமில்லா விடுப்பு உண்டு, ஆனால் அந்த உறவினர் இறந்துவிட்டால் அந்த விடுப்பும் அதோடு சரி.

ஆண்டு விடுப்பை ஏன் தொடவில்லை? முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். எல்லோரும் போன பிறகுதான் வங்கி, பத்திரம், அம்மாவைத் தனியே விட முடியாத நாட்கள் எல்லாம் வரும், அதற்கு அந்த விடுப்பு தேவைப்பட்டது. அதுவும் போக, ஆண்டு விடுப்பு என்று ரோஸ்டரில் இருந்தால் உங்களுக்கு என்ன நடந்தது என்று ஷெட்யூலிங்கில் இருப்பவருக்குத் தெரியாது, “ஒரு ஃப்ளைட் போக முடியுமா?” என்று கேட்டு கூப்பிடுவார்.

சம்பளமில்லா விடுப்பு பயமுறுத்துவது போல அவ்வளவு பெரிய இடி இல்லை. பறந்தால்தான் வரும் படித்தொகைகள் பல இடங்களில் சம்பள விடுப்பிலும் வராது, ஆகவே இழப்பு அடிப்படைச் சம்பளத்தின் அளவுதான். ஆனால் நீண்டு போகக் கூடாது. விமானிகள் 90 நாளில் குறைந்தது 3 முறை டேக்ஆஃப், லேண்டிங் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிமுலேட்டருக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஐரோப்பிய விதிகளில் கேபின் க்ரூ 6 மாதம் பறக்கவில்லை என்றால் மறுபயிற்சி. பணிமூப்பும் ஸ்டாஃப் டிக்கெட்டும் தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிக் லீவ் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். துக்கத்தை மறைக்க அதை எடுக்காதீர்கள், ஆனால் துக்க விடுப்பு முடிந்தும் தூக்கம் வரவில்லை என்றால் கூச்சப்படாமல் மருத்துவரைப் பார்த்து எடுங்கள். விமானிகள் பறக்குமுன் தங்களையே சோதித்துக்கொள்ளும் பட்டியலில் நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு இவற்றோடு உணர்ச்சி நிலையும் ஒன்று. காரணம் எனக்கும் தெரியும். திரும்பி வந்த முதல் விமானத்தில் கதவை ஆர்ம் செய்து, அதாவது அவசரத்தில் திறந்தால் சறுக்குப்பாதை விரியும்படி வைத்து, எதிர்ப்பக்கத் தோழியின் கதவையும் பார்த்து கட்டைவிரலைக் காட்டினேன். உட்காரும் முன் என் கண் மறுபடி கதவின் கைப்பிடிக்குப் போனது, செய்ததை மனம் பதிவு செய்யவே இல்லை. விமானிகளின் மருத்துவச் சான்று சிக்கல்களை நான் அருகிலிருந்து பார்த்தது மட்டுமே, அதை அவர்களது மருத்துவப் பரிசோதகரிடம் கேட்பதே சரி.

யார் நெருங்கிய உறவு என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு. உங்களை வளர்த்தது பெரியம்மா என்றால் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போகலாம், அப்போது உறவுமுறையோடு அவர்தான் வளர்த்தார் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நான் அனுப்பிய மின்னஞ்சல் மிகச் சிறியது: எந்த ட்ரிப்பை எடுக்க வேண்டும், வீடு சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், திரும்பி வரும் முதல் டூட்டி காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் ஒன்றாக இருக்க வேண்டும், ஸ்டாண்ட்பை வேண்டாம். மூன்றாவதைத்தான் தர மறுப்பார்கள் என்று நினைத்திருந்தேன், அதைத்தான் முதலில் ஒப்புக்கொண்டார்கள்.