கர்ப்ப காலத்தில் லிப்ரே 2 சென்சர்: விரல் குத்தலில் தெரியாததைக் காட்டுகிறது

டைப் 1 அல்லது டைப் 2 நீரிழிவோடு கருவுற்று, இன்சுலினும் போடுகிறவர்களுக்கு, கையில் ஒட்டிக்கொண்டால் சர்க்கரையை இரவும் பகலும் அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் இந்த 14 நாள் சென்சர் கொடுத்த காசுக்குத் தகும்.

காரணம் நஞ்சுக்கொடி. அது சுரக்கும் லாக்டோஜென், புரோஜெஸ்டிரோன், கூடவே ஏறும் கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் எல்லாம் சேர்ந்து இன்சுலினைச் சரிவர வேலை செய்ய விடுவதில்லை. ஆனால் முதல் மூன்று மாதங்களின் பிற்பகுதியில் இன்சுலின் தேவை சற்றுக் குறையலாம். இரவில் சர்க்கரை இறங்கிவிடும் என்று பயப்பட வேண்டிய காலம் அது. 20 வாரம் தாண்டினால் தேவை ஏறி, பலருக்கு இருமடங்கும் ஆகும். நாளுக்கு ஏழு தடவை விரலைக் குத்தினாலும் விடியற்காலை 3 மணிக்கு நடப்பது தெரியாது. சென்சர் வரைபடத்தில் தெரியும். அதிகாலைக் கோடு வாரா வாரம் மேலே போனால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் கிளினிக்கை அழைத்து இன்சுலின் அளவை மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை மட்டும் நம்புவது போதாது.

சென்சரின் கைப்பேசிச் செயலியில் வழக்கமான சர்க்கரை இலக்கு லிட்டருக்கு 3.9 முதல் 10.0 மில்லிமோல். கர்ப்பிணிகளுக்கு 3.5 முதல் 7.8. மேல் எல்லையை முதல் நாளே 7.8 ஆக்குங்கள், இல்லாவிட்டால் 9.5-உம் பச்சையாகத் தெரிந்து பொய் நிம்மதி தரும். (மில்லிகிராம் கணக்கில் பழகிய, ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லும்போது 18-ஆல் பெருக்குங்கள்: 7.8 என்றால் 140.) டைப் 1 உள்ளவர்கள் நாளில் 70 விழுக்காட்டு நேரத்துக்கு மேல் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும்.

ஒட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கர்ப்பிணிகளை இடப்பக்கம் படுக்கச் சொல்வார்கள். இடது கையில் ஒட்டினால் உடல் எடை அழுத்தி, சர்க்கரை சரியாக இருந்தாலும் நடு இரவில் அலாரம் அடிக்கும். வலது மேற்கையின் பின்புறமே நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரம் பெயரும். ஒட்டும் இடத்தில் எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

விரல் குத்துவதை விட்டுவிட முடியாது. சென்சர் அளப்பது தோலடித் திரவத்தை. காப்பிக்கடைப் பரோட்டாவும் தே தாரேக்கும் ரத்தத்தில் ஏற்றுவதைச் சில நிமிடம் தாமதமாகத்தான் காட்டும். முதல் நாளும், கை நடுங்கி வியர்த்தும் சென்சர் நல்ல எண் காட்டும்போதும் விரலில் சரிபாருங்கள். நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் பொய்யாக ஏறலாம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரைகளில் 1000 இருப்பதுண்டு. அந்தப் பொய் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டுவது ஆபத்து.

கடைசி மாதங்களில் இன்சுலின் அளவை மாற்றாமலே சர்க்கரை அடிக்கடி இறங்கினால் மகிழ வேண்டாம். நஞ்சுக்கொடி தளர்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்; அன்றே மருத்துவமனையை அழையுங்கள். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டால் நேர்மாறாகச் சில நாள் எண் எகிறும். இன்சுலினை எவ்வளவு கூட்டுவது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் இன்சுலின் தேவை மளமளவென்று குறையும். பால் கொடுக்கும்போதும் சர்க்கரை இறங்கலாம். அந்த வாரங்களில் சர்க்கரை குறைந்தால் அடிக்கும் அலாரத்தை அணைக்காதீர்கள், கைப்பேசியையும் பக்கத்திலேயே வைத்திருங்கள்.