தெரபி மையமா, பெற்றோர் வழிப் பயிற்சியா?

இரண்டு மூன்று வயதில் ஆட்டிசம் என்று தெரிய வந்ததும் பெற்றோர் முன் நிற்கும் கேள்வி இது: குழந்தையை வாரத்தில் சில நாள் மையத்தில் தெரபிஸ்டிடம் விடுவதா, பெற்றோரையே பழக்கும் முறையில் சேர்வதா? எங்கள் சாய்வு இரண்டாவதன் பக்கம். செலவும் அலைச்சலும் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் சாய்வது அதற்காக அல்ல.

மைய வழியை அதிகம் விளக்க வேண்டியதில்லை. முக்கால் மணி நேர அமர்வு. உள்ளே தெரபிஸ்டும் குழந்தையும், வெளியே நாற்காலியில் அம்மா. கைதேர்ந்த தெரபிஸ்ட் அமைந்தால் குழந்தை கேட்கவும் காட்டவும் சொல்லவும் கற்கிறது. ஆனால் ஓர் அறையில் ஓர் ஆளிடம் கற்றதை வேறு இடத்தில் பயன்படுத்துவது ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குக் கடினம். "சென்டர்ல சொல்றான், வீட்ல வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்று பெற்றோர் சொல்வது இதைத்தான்.

பெற்றோர் வழியில் மாற வேண்டியவர் பெரியவர். இங்கிலாந்தில் உருவான 'பேக்ட்' முறையில், அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதைப் பத்து நிமிடம் போல வீடியோ எடுத்து, பயிற்றுநரும் பெற்றோரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். குழந்தை எங்கே ஓரக்கண்ணால் பார்த்தது, எப்போது கையை நீட்டியது, அப்போது பெரியவர் என்ன செய்தார் என்பதுதான் பேச்சு. குழந்தையின் கவனம் போகும் இடத்துக்கு நாம் போவது முதல் படி. அதற்கு இசைந்து பேசுவது அடுத்தது. பிறகு சொற்களைச் சுருக்குவது. அதன்பின் பழகிய விளையாட்டில் வேண்டுமென்றே இடைவெளி விட்டுக் காத்திருப்பது. நம் வீடுகளில் முதலில் குறைய வேண்டியவை கேள்விகள். "இது என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்பது குழந்தையின் காதில் கட்டளையாகவே விழும். கார் சக்கரத்தைச் சுழற்றும் குழந்தையின் அருகில் உட்கார்ந்து "சுத்துது... சுத்துது" என்று மட்டும் சொல்லி, ஐந்தாறு விநாடி பேசாமல் இருங்கள். குழந்தை தானாகத் திரும்புவதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

எங்களைச் சாய்த்த காரணம், பயிற்சி நின்ற பிறகு மிஞ்சுவது. லண்டன், மான்செஸ்டர், நியூகாசிலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 152 குழந்தைகளிடம் நடந்த பேக்ட் ஆய்வு 2010-இல் வெளியானது. ஆறு மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மாதம் மாதம் ஒருமுறை, தினமும் வீட்டில் 30 நிமிடப் பயிற்சி. முடிவில், இந்தப் பயிற்சி பெறாத குடும்பங்களோடு ஒப்பிட்டால், பெற்றோரின் இசைந்த பேச்சு வெகுவாகக் கூடியது, குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. ஆட்டிச அறிகுறிகளிலோ மிகச் சிறிய, உறுதிப்படாத வித்தியாசம்தான். கதை அதோடு நின்றிருந்தால் நாங்கள் இந்தப் பக்கம் சாய்ந்திருக்க மாட்டோம். பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுக்குப் பிறகு அவர்களில் 121 பேரை மறுபடி சோதித்த முடிவு 2016-இல் வந்தது: பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளுக்கு அறிகுறிகளின் தீவிரம் குறைவாக இருந்தது. மொழித்திறனில் மட்டும் தெளிவான வித்தியாசம் இல்லை. அமர்வுகள் நின்றால் தெரபிஸ்ட் போய்விடுவார். பேசும் விதம் மாறிய அம்மா வீட்டிலேயே இருக்கிறார். பலன் நிலைத்ததை நாங்கள் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம்.

நம் பக்கத்துக்கும் இது பொருந்துமா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் இதையே எளிமையாக்கி, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு 12 அமர்வுகளாக நடத்தினார்கள். 65 குழந்தைகள் பங்கேற்ற அந்த 'பாஸ்' ஆய்விலும் இசைந்த பேச்சும் குழந்தையின் முன்முயற்சியும் கூடின. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் மட்டும் எதிர்த்திசையில் போனது. ஆகவே பலன் எல்லா அளவிலும் ஒரே சீராக வரும் என்று எண்ண வேண்டாம்.

இம்முறை கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். போனை உயரத்தில் வைத்தால் குழந்தையின் முகம் விழாது. தரையோரம், இருவர் முகமும் கையும் தெரிய வையுங்கள். டிவி அணைந்திருக்க வேண்டும். பயிற்றுநர் குறைகளில் தொடங்கினால் அடுத்த வீடியோவில் அம்மா விறைத்துப்போவார். சரியாக அமைந்த நொடியில் தொடங்குவதே முறை. தினசரி அரை மணி ஒரே மூச்சில் கிடைக்காத வீட்டில் குளியல், சாப்பாடு, விளையாட்டு என்று பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட மோசமானது, "இனி உன் பொறுப்பு" என்று முழுச் சுமையையும் அம்மாவின் தலையில் கட்டுவது. அப்பாவோ பாட்டியோ சில அமர்வுகளிலாவது வீடியோவில் இருக்க வேண்டும்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பேக்ட் முறையை 11 வயது வரையிலான குழந்தைகளுக்கு, பள்ளியையும் சேர்த்து விரித்த 2022 ஆய்வில் பெரியவரோடு உறவாடுவது மேம்பட்டது, அறிகுறிகள் குறையவில்லை. ஆகவே பள்ளி வயதுக்கு இதே அழுத்தத்தோடு பரிந்துரைக்க மாட்டோம். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைக்கும், விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கும் நிபுணரின் நேரடிக் கவனிப்பு வேண்டும். வலிப்பு இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

அருகில் மையம் மட்டுமே இருக்கிறதென்றால் சேரும் முன் மூன்று கேட்டுப் பாருங்கள். அமர்வின்போது பெற்றோர் உள்ளே உட்காரலாமா? வீட்டு வீடியோவைப் பார்த்துப் பேசுவார்களா? இலக்குகளை எங்களோடு சேர்ந்து முடிவு செய்வார்களா? முதல் கேள்விக்கே "பெற்றோர் இருந்தா குழந்தை ஒத்துழைக்காது" என்று பதில் வந்தால், எங்கள் கணக்கில் அது வேறு மையம் தேடப் போதுமான காரணம்.