ஜீபிஸ்: விலை தெரியும், பில் தெரியாது

சிங்கப்பூரில் ரோடு ஒட்டுப்போடும் சப்கான் (துணைக் குத்தகை) கம்பெனி ஒன்றில் கிளெய்ம், அதாவது செய்த வேலைக்குக் காசு கேட்கும் பில், போடுவது என் வேலை. அதனால் அரசாங்க டெண்டர்கள் வரும் ஜீபிஸ் (GeBIZ) தளம் தினமும் என் திரையில் திறந்தே இருக்கும். "அரசாங்கக் காசு யார் கைக்குப் போகுதுன்னு எங்கேம்மா பார்க்கிறது?" என்று காப்பிக்கடையில் கேட்கும் மாமாக்களுக்கு நான் காட்டுவதும் இதைத்தான்.

முதலில் ஒன்று. பொதுச் சாலையில் குழி விழுந்தால் நகர மன்றத்தைத் திட்டிப் பயனில்லை, அது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. நகர மன்றம் பார்ப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் பொது இடங்களை: லிஃப்ட், வாய்டு டெக், தாழ்வாரம்.

ஜீபிஸ் 2000-இல் வந்தது. டெண்டர் விவரம் பார்க்க சிங்பாஸ் லாகின் வேண்டாம், யாரும் பார்க்கலாம். முடிந்த டெண்டரைத் திறந்தால் யார் யார் எவ்வளவு கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது என்று வரும். எனக்குப் பிடித்தது விலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட ரொம்பக் கீழே கேட்டிருந்தால் எங்கள் ஆபீசில் உடனே சொல்வோம்: "விட்டதை வி.ஓ.வில பிடிச்சிடுவான்." வி.ஓ. என்றால் வேலை நடுவில் ஒப்பந்தத்தில் செய்யும் மாற்றம், பெரும்பாலும் கூடுதல் வேலை. அதற்கான காசு பிறகு ஏறும். ஏறியதா, எவ்வளவு ஏறியது என்று ஜீபிஸில் தேடினால் கிடைக்காது. விலையோடு கதை முடிந்துவிடும்.

ஆனால் காசு நகர்வது அதற்கப்புறம்தானே! ராத்திரி ஒரு தடத்தை அடைத்து, மில்லிங் மெஷின் பழைய தாரைச் சுரண்டும். பிரிமிக்ஸ் (தார்க்கலவை) லாரி பிளாண்டின் எடைச்சீட்டோடு வரும். அளக்கும் வீலை உருட்டி நீள அகலம் எடுத்து, எங்கள் சூப்பர்வைசரும் மெயின்கான் (முதன்மைக் குத்தகையாளர்) ஆளும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். காலையில் அந்தக் கசங்கிய தாள் என் மேசைக்கு வரும். 50 மி.மீ. கனம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ பிரிமிக்ஸ் போயிருக்க வேண்டும். எடைச்சீட்டைப் பரப்பால் வகுத்தால் 80 கிலோதான் வருகிறது என்றால், கனம் குறைந்திருக்கிறது, இல்லை பரப்பை ஏற்றி எழுதியிருக்கிறார்கள். எந்த டெண்டர் பக்கமும் இதைக் காட்டாது.

விலைப்பட்டியலில் இல்லாத ஐட்டத்துக்குப் போடும் 'ஸ்டார் ரேட்'டும் அப்படித்தான். குத்தகையாளர் கொண்டுவரும் விலைக்கோள்களை (கொட்டேஷன்) வைத்துத்தான் பெரும்பாலும் அது முடிவாகும். அந்த விலைக்கோள்களில் சந்தேகம் இருப்பதாகத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே பல ஆண்டுகளில் சொல்லியிருக்கிறது. வழக்கமாக ஜூலையில் வரும் அந்த அறிக்கையை ஜீபிஸோடு சேர்த்துப் படியுங்கள், அரசாங்க வேலைகளுக்குப் பாதிப் படமாவது கிடைக்கும். நகர மன்றங்களின் தணிக்கை செய்த கணக்குகளும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குப் போகின்றன. அதில் தொகைகள் மொத்தமாகத்தான் இருக்கும், எந்தக் குத்தகையாளருக்கு எந்த பில் என்று தெரியாது.

பணம் கீழே இறங்கி எங்களிடம் வருவது தனிக் கதை. கட்டுமானப் பணம் பற்றிய 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிளெய்முக்கு அதிகபட்சம் 21 நாளில் பதில், அதன்பின் 35 நாளுக்குள் காசு. "எங்களுக்கு வந்ததும் தர்றோம்" என்ற ஷரத்து அந்தச் சட்டத்தில் செல்லாது. ஒரு மெயின்கான் அதையே சொல்லி இழுத்தடித்தார். நடுவர் தீர்ப்புக்கு மனு எழுதுகிறோம் என்று பாஸ் போனில் சொன்னதும் காசு வந்தது. எவ்வளவு நயமான குரலில் அதுவரை "அடுத்த வாரம் சிஸ்டர்" என்றார்கள் தெரியுமா!

விலை பார்க்க ஜீபிஸுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். பில் பார்க்க ஒன்று, அதுவும் தாட்சண்யத்துக்கு. ஒப்பந்தம் முடிந்ததும் அதே பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கடைசியில் கொடுத்த தொகை, அதில் வி.ஓ. எவ்வளவு. அந்த எண் ஏற்கெனவே யாரோ ஒருவரின் எக்செல் தாளில் இருக்கிறது.