ஒளி, ஒலி, மணம், தொடுகை: சிறிய கண்காட்சி அரங்கில் எதற்கு முதல் செலவு?

3 மீட்டருக்கு 3 மீட்டர் அரங்கில் ஐம்புலனையும் ஒரே நேரத்தில் இழுக்கப் பார்த்தால் பணம்தான் கரையும். நடைபாதையில் போகிறவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது ஒரு வேலை, வந்தவரை நிற்க வைப்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே கருவி உதவாது.

தூரத்திலிருந்து அழைக்க: ஒலியா, ஒளியா?

ஒளிதான். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 78 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 4 மீட்டரில் 66-க்கு இறங்கிவிடும், கூட்டத்தின் இரைச்சலில் அது காணாமல் போகும். சத்தத்தைக் கூட்டினாலோ உள்ளே நிற்கும் விற்பனையாளர் கத்த வேண்டும், ஏனென்றால் சாதாரணப் பேச்சே 1 மீட்டரில் 60 டெசிபல் அளவுதான். பக்கத்து அரங்கிலிருந்து புகாரும் வரும். ஒலிதான் உங்கள் சரக்கு என்றால் ஹெட்போன் வையுங்கள், அல்லது ஒலியைக் கீழே நிற்பவரை நோக்கிக் குவிக்கும் குவிமாட ஸ்பீக்கரைத் தலைக்கு மேல் தொங்கவிடுங்கள்.

ஒளி யாருடைய பேச்சையும் மறிக்காது. சுற்றுப்புறத்தைவிடப் பொருளின் மேல் 3 மடங்கு வெளிச்சம் விழுந்தால் கண் தானாக அங்கே போகும். ஸ்பாட்லைட்டைச் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்துப் பொருத்துங்கள். இன்னும் சாய்ந்தால் எதிரே வருபவருக்குக் கண் கூசும், நேர் மேலே இருந்தால் பொருளின் முன்பக்கத்தில் நிழல் விழும். ஒளியின் நிறச்சாயலைக் கெல்வினில் சொல்வார்கள்: மரம், தோல், துணிக்கு மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின், உலோகம், மின்னணுக் கருவிகளுக்கு வெண்மையான 4000. சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதன் அளவு, உச்சம் 100) 90-க்குக் குறைந்த எல்இடி வாங்காதீர்கள், சிவப்பு நிறங்கள் செத்துப்போய்த் தெரியும்.

மணம்

பொருளோடு ஒட்டினால் மட்டும். மரச்சாமானுக்குத் தேவதாரு மணம் பொருந்தும், மென்பொருளுக்கு எந்த மணமும் பொருந்தாது. பல மணங்களின் கலவையைவிட ஒற்றை மணமே நல்லது.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் அளவில்தான். சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். ஊழியர், "மணமே வரலையே" என்று இன்னும் ஏற்றுவார், புதிதாக வருபவருக்கோ தலைவலி வரும். 2 நிமிடம் ஓட்டி 10 நிமிடம் நிறுத்தும் டைமர் வையுங்கள். அளவு சரியா என்பதைக் கூடத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒருவர் சொல்லட்டும். ஏசி காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை மெல்லிய டிஷ்யூ துண்டைத் தொங்கவிட்டு முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் செலவில் அடுத்த அரங்கு மணக்கும். நீராவி போல் தெளிக்கும் அல்ட்ராசோனிக் கருவியைவிட, தண்ணீரில்லாமல் எண்ணெயை மட்டும் தூவும் நெபுலைசர் நல்லது, கையேடுகள் ஈரமாகாது. ஆஸ்துமா உள்ளவர்களும் வருவார்கள், அதனால் சந்தேகம் இருந்தால் குறைத்தே வையுங்கள்.

சுவை

உணவு விற்பவருக்கு அவசியம். மற்றவர்களுக்கு அது வரிசையைத்தான் சேர்க்கும், அந்த வரிசை வாங்க வந்தவரை மறைத்து நிற்கும்.

தொடுகை

வந்தவரை நிற்க வைப்பதில் இதற்கு இணையில்லை. பொருளைத் தொட்டாலே 'இது என்னுடையது' என்ற உணர்வு கூடுவதை ஜோன் பெக், சுசேன் ஷூ இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஆனால் பல அரங்குகளில் மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது, அல்லது மேசையின் பின்விளிம்பில். 90 முதல் 100 செ.மீ. உயரத்தில், நடைபாதையிலிருந்து கை எட்டும் தூரத்தில், உள்ளே கால் வைக்காமலே எடுக்கும்படி வையுங்கள். திருட்டுக்குப் பயந்து குட்டைக் கம்பியில் கட்டினால் குனிந்துதான் பார்க்க முடியும், கம்பி 60 செ.மீ.யாவது இருக்கட்டும். பக்கத்திலேயே சாதாரண ரகம் ஒன்றையும் வையுங்கள், இரண்டையும் கையில் எடுத்தவர் தானாகக் கேள்வி கேட்பார். கைரேகை படிந்த மாதிரியை யாரும் எடுக்க மாட்டார்கள், அதனால் மணிக்கொருமுறை துடைக்கத் துணியும் கூடுதலாக இரண்டு மாதிரிகளும் மேசைக்கடியில் இருக்க வேண்டும்.